பொங்கியண்ணன் தோட்டத்துத் தண்ணீர்

நாலாவது நாய்க்குட்டியும் செத்துக் கிடந்த காலையில் என் மனைவி எழில் அதைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்தாள். கையைக் கழுவினாள். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, தோட்டத்துக்கு என்றாள். சோமனூர்ப் பக்கம் எங்கள் காப்பகத்தைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் இருக்கின்றன. அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

காப்பகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். விசைத்தறி ஓடி ஓய்ந்துபோன ஒரு பழைய குடோன், அவ்வளவுதான். கோயமுத்தூரிலிருந்து சில பேர் வந்து டிரஸ்ட் என்று பேர் வைத்தார்கள், போர்டு மாட்டினார்கள், நாய்க்குட்டியைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒரே வருஷத்தில் அலுத்துப்போய்க் காணாமல் போனார்கள். போர்டும் எழுபது சொச்சம் நாய்களும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உதவிக்குப் போய்வந்த எழில், ஒருநாள் லேப் டெக்னீஷியன் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து, இனிமேல் அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எதை என்றுகூடக் கேட்காமல் தலையாட்டியவன் நான். பேர் கதிரேசன். சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் மோட்டார் காயில் சுற்றுகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நாய் என்றாலே ஆகாது.

ஆகாதவன்தான் ஞாயிறு தவறாமல் வெல்டிங் வைத்தேன். கூரை மாற்றினோம். நாற்றமெடுத்த சாக்கடையைத் தோண்டிக் குழாய் போட்டோம். நோய் கண்டதுகளுக்குத் தனி அறை கட்டினோம். ஈரமும் பேனும் ஏறிய பழைய சாக்குகளை எரித்துவிட்டு, தறிக்காரர்கள் சும்மா கொடுக்கும் கழிவு நூலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து எழில் படுக்கை விரித்தாள். நாய்கள் மெத்தையில் படுத்த மாப்பிள்ளை மாதிரி கிடந்தன. சொறி போனது, முடி முளைத்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த நேரத்தில்தான் குட்டிகள் சாக ஆரம்பித்தன.

முதலில் தீனி எடுக்காது. அப்புறம் வாந்தி. வயிற்றைத் தொட்டால் கத்தும். ரெண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். டாக்டர் கிருபாசங்கர் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பவர். குட்டிகளைக் கொல்லும் வழக்கமான வைரஸா என்று சோதித்தார், அது இல்லை. ஒன்றை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். செத்த பிறகுமா கத்தி வைப்பது என்று எழில் விடவே இல்லை. ஒவ்வொன்றையும் மஞ்சள் தெளித்து, பூ வைத்து, வேலியோரம் புதைத்தாள். அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். விஷம்.

அந்த முடிவு வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணன் தோட்டம். தை மாசத்தில் தெருநாய்கள் அவர் பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறிப்போட்டன. எங்கள் நாய்கள் பூட்டிய கேட்டுக்குள் இருந்தன. ஆனால் ஆட்டைப் பறிகொடுத்தவனுக்கு எல்லா நாயும் ஒரே நாய். பேக்கரியில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்து வைத்துவிடப்போகிறேன் என்று அவர் சொன்னதை நானே என் காதால் கேட்டேன்.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், நாங்கள் குடித்துக்கொண்டிருந்தது அவர் தண்ணீர். எங்கள் போர்வெல் மார்கழியிலேயே வறண்டுவிட்டது. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வருவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும். எழில் போய்க் கேட்டதும், வேலியோரம் பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தன் கிணற்றிலிருந்து விட்டவர் பொங்கியண்ணன். ஆடு செத்த பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. ஒருபக்கம் மருந்து வைப்பேன் என்கிறார், மறுபக்கம் தண்ணீர் விடுகிறார். மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எழிலையும் மூடிக்கொண்டிருக்கச் சொன்னேன். நாலாவது குட்டி வரைக்கும் மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று அவர் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்த ஆட்கள் ரெண்டு மூன்று பேர் கூட இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் "வாங்க" என்றார். அவர் மனைவி தெய்வாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எழிலிடம் நீட்டினார். எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. சண்டைக்கு வந்தவன்கூடக் குடித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பான். ஆனால் அது எல்லோருக்கும் இருந்த மரியாதை இல்லை. என் அப்பா இதே தோட்டத்தில் பண்ணையத்துக்கு, வருஷக் கூலியாளாக, இருந்தவர். அவருக்கு இந்த வாசலில் சொம்பு கைக்கு வந்ததே கிடையாது. மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று கையைக் குவிப்பார், மேலிருந்து ஊற்றுவார்கள். அவர் மருமகளுக்கு நடுவாசலில் சொம்பு நீட்டுகிறார்கள் என்று நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

எழில் சொம்பைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"தண்ணி வேண்டாமுங்க. இதுல என்ன கலந்திருக்குதோ, ஆரு கண்டா? எங்க குட்டிகளுக்கு என்ன வெச்சீங்க, அதை மட்டும் சொல்லிப்போடுங்க."

தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றது. நான் சொம்பைப் பிடுங்கி மடக்மடக்கென்று குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பொங்கியண்ணன் எழிலைப் பார்க்கவே இல்லை, தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளும் அவரைப் பார்த்தார். பிறகு பொங்கியண்ணன் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் கத்தினேன். வாயைக் கொடுத்துக் குடியைக் கெடுத்துவிட்டாய் என்றேன், அந்தக் கூலி ஆட்கள் பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அவரு இல்லைன்னு சொன்னாருங்களா?"

சொல்லவில்லை. அது எனக்கும் உறைத்தது. குற்றம் செய்யாதவன் அந்த இடத்தில் குதித்திருக்க வேண்டாமா?

மறுநாள் காலையில் பைப்பில் தண்ணீர் வரவில்லை. கரண்ட் இல்லையோ என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நான் சுற்றிக்கொடுத்த மோட்டார், அதன் சத்தம் தூக்கத்தில்கூட எனக்குத் தெரியும். தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறது. எங்கள் பக்கத்து வால்வை மட்டும் மூடியிருக்கிறார்.

தொட்டியில் பாதிதான் இருந்தது. சித்திரை வெயில். எழுபது வாய்க்கு அது எந்த மூலைக்கு? டேங்கர் வைத்திருக்கும் தனபாலுக்குப் போன் போட்டேன். நல்ல பையன்தான். ஆனால் எங்கள் குடோனுக்கு வருகிற வண்டித்தடம் பொங்கியண்ணன் நிலத்தில் போகிறது. "அவரு ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்ணா, ஒடனே வாரேன்" என்றான். அவர் வரக்கூடாது என்று சொன்னாரா என்று கேட்டேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லையாம். ஊர்தான் பேசிக்கொள்கிறதாம்.

எழிலோ ஸ்டேஷனுக்குப் போகலாம் என்கிறாள். போய் என்ன சொல்வது? அவருடைய கிணற்றிலிருந்து அவர் தண்ணீர் விடவில்லை என்று எந்தப் போலீஸிடம் போய் எழுதிக்கொடுப்பது? பைக்கில் கேன் கட்டிக்கொண்டு சோமனூருக்கும் குடோனுக்கும் அலைந்தேன். பட்டறைக்கு லீவு. மத்தியானம் ஆனதும் நாய்கள் குரைப்பதைக்கூட நிறுத்திவிட்டன. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொன்றும் என்னையே பார்த்தன. எனக்கு நாய் ஆகாது என்றேன் இல்லையா, அன்றைக்கு அதுகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்படியே போனால் ரெண்டு நாளில் கேட்டைத் திறந்துவிட வேண்டியதுதான். திறந்துவிட்டால் அதுகள் பட்டிகளுக்குத்தான் போகும், அப்புறம் ஊரே மருந்தோடு கிளம்பும். இத்தனை நாள் கட்டியதெல்லாம் அதோடு முடிந்தது. இது எழிலுக்கும் தெரியும். தெரிந்தும் அசையவில்லை.

அன்று சாயங்காலம் சுந்தரி படுத்துக்கொண்டது. டிரஸ்ட் ஆட்கள் காலத்திலிருந்தே இருக்கிற பெட்டை அது. குட்டிகளுக்கு வந்த அதே வாந்தி, அதே வயிற்று வலி. எழில் டாக்டருக்குப் போன் செய்தாள்.

விடிந்ததும் கிருபாசங்கர் வந்தார். சுந்தரியின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கும் கோபம் இருந்தது. "செத்ததை அறுக்க விடமாட்டேன்னு சொன்னீங்க. இதை உயிரோட அறுக்கணும். இப்பவாவது விடுவீங்களா?" என்றார். எழில் தலையாட்டினாள். இருந்த கடைசி டிரம் தண்ணீரைக் கை கழுவவும் துடைக்கவும் எடுத்து வைத்தோம். சுந்தரி பிழைத்துக்கொண்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்காக யாரும் பதற வேண்டாம். பதற வேண்டியது வேறு.

நான் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். குடல் வெளியே வந்தபோது நாடாவை இழுத்துச் சுருக்கிய உள்பாவாடை மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. டாக்டர் ஒரு இடத்தில் கீறி இடுக்கியை விட்டார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நூல். நீலமும் சிவப்பும் கலந்த நூல். விஷம் வைத்தால் குடல் இப்படி ஆகாது, இந்த நூல்தான் எல்லாவற்றையும் கொன்றிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். காப்பகம் முழுக்க எழில் விரித்த படுக்கை அதுதான்.

நாய் எதற்காக நூலைத் தின்னும் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அது பாவு நூல், தறியில் நீளவாக்கில் ஓடுவது; கஞ்சி போடாமல் ஏற்ற முடியாது, ஏற்றினால் அறுந்துபோகும். மாவுக் கஞ்சியில் முக்கிக் காயவைத்த நூல் அது. மோந்து பார்த்தால் சோற்றுக் கஞ்சி வாசம் லேசாக வரும். இந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவனுக்கும் இது தெரியும். தறிக்கடியில் தவழ்ந்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கும், நாங்கள் பிடுங்கி எறிவோம். தெரிந்து தெரிந்து மரத்துப்போன விஷயம். அதனால் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எழிலுக்கும் இல்லை, மூட்டை தூக்கிவந்த எனக்கும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்த ஊருக்கும் இல்லை.

தையல் போட்டு முடித்ததும் எழில் ஒவ்வொரு அறையாகப் போனாள். ஒரு இழை விடாமல் நூலை வாரி வெளியே எறிந்தாள். நான் உதவிக்குப் போனதற்கு என் கையைத் தட்டிவிட்டாள். தலையெல்லாம் பஞ்சு. எல்லாம் முடிய சாயங்காலமாகிவிட்டது. பிறகு கேட்டை நோக்கி நடந்தாள். நான் குறுக்கே நின்றேன். நீ வராதே, நான் போய்ப் பக்குவமாகப் பேசுகிறேன், காலில் விழுந்தாவது வால்வைத் திறக்கவைக்கிறேன் என்றேன்.

"சொன்னது நானுங்க. போறதும் நாந்தான்."

பொங்கியண்ணன் மோட்டார் ரூம் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. எங்களைப் பார்த்து அப்போதும் "வாங்க" என்றார். எழில் உட்காரவில்லை.

"ஆரும் வெக்கலைங்க. நாந்தான் வெச்சேன். படுக்கைக்குப் போட்ட பாவு நூலத் தின்னுதான் அத்தனையும் செத்திருக்குது. உங்களைச் சொன்னது தப்புங்க. தண்ணி கேக்க வரலைன்னு சொன்னா அது பொய்யி, அதுக்கும் சேத்துத்தான் வந்தேன்."

அவர் கிணற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுவே ஏதோ சொல்லப்போன என்னைக் கையமர்த்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"தண்ணிய நிறுத்துனது கோவத்துல இல்லீங்க அம்மணி. என்ன கலந்திருக்குதோன்னு கேட்டுப்போட்டீங்க. அதுக்கப்புறம் எப்படி உடறது? இன்னொண்ணு செத்தாலும் என்ற தண்ணியிலதான்னு ஆகிப்போகும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆடுகள் செத்த வாரம் மருந்து வாங்கிவிட்டாராம். இதே மோட்டார் ரூமில் ஒளித்து வைத்திருந்தாராம். ரெண்டு தடவை கறியில் கலந்து எடுத்துக்கொண்டு எங்கள் வேலி வரைக்கும் வந்தாராம். "ஏன் வெக்காம வந்தன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. திரும்பி வந்து குழி வெட்டிப் பொதச்சுப்போட்டேன். அதனாலதான் நீங்க கேட்டப்ப இல்லைன்னு வாய் வரல. அவ என்ற மூஞ்சியப் பாத்தா. நாந்தான் வெச்சேன்னு நம்பீட்டா."

எழில் கேட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலமே தெய்வாத்தாள் உடுமலைப்பேட்டையில் இருக்கிற மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். போன் போட்டால் எடுப்பதில்லை. நீங்கள் சொன்னால் நம்புவாள் என்று அவர் எழிலைப் பார்த்துச் சொன்னபோது, அந்த வயசான முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. தண்ணீரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வால்வு அவர் காலடியில்தான் இருந்தது.

எழில் தன் போனிலிருந்து அழைத்தாள். தெய்வாத்தாள் எடுத்தார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். நூல் விஷயத்தைச் சொன்னாள், நாங்கள் நினைத்தது தப்பு, அவர் வைக்கவில்லை என்றாள். அந்த அம்மாள் ஒன்று கேட்டார்.

"மருந்து வாங்கவே இல்லைன்னு சொல்றாருங்களா அம்மணி?"

எழில் நிமிர்ந்து பொங்கியண்ணனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரே ஒரு வார்த்தைதான், வாங்கவில்லை என்று சொன்னால் அவர் குடும்பமும் சேர்ந்துவிடும், எங்களுக்குத் தண்ணீரும் வந்துவிடும். சொல்லிவிடு என்று நான் பின்னாலிருந்து கையை ஆட்டினேன். எழுபது உயிருக்காக ஒரு பொய், அதில் என்ன குடிமுழுகிப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

"வாங்குனாருங்க" என்றாள் எழில். "எங்க வேலி வரைக்கும் கொண்டாந்திருக்கறாரு. வெக்காம திரும்பிட்டாருங்க. அவரேதான் சொன்னாரு."

பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். போனில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வாங்குனது எனக்குத் தெரியும் அம்மணி. மோட்டார் ரூம்ல நானே பாத்தேன். என்றகிட்டச் சொல்லுவாரு, சொல்லுவாருன்னு தை மாசத்துலருந்து பாத்துட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. அவரு வாயிலதான் சொன்னாருங்களா?"

"ஆமாங்க."

"அவருகிட்டக் குடுங்க."

எழில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நீட்டினாள். அவர் அதை ரெண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். ம் என்றார். மறுபடியும் ம் என்றார். இன்னும் சாப்பிடவில்லை என்றார். அப்புறம் "வெச்சிருப்பன்னு நெனச்சியா?" என்று கேட்டார்.

அதற்கு அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. எழில் அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்துகொண்டாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவர் இன்னொரு கையால் வால்வைக் காட்டினார். நான் குனிந்து அதைத் திறந்தேன்.